சார்கோலில் ஆள் வரையும்போது கோட்டில் உயிர் வரவில்லை. எங்கே தவறுகிறது?

அடையாறு_வரைபலகை:

வணக்கம் எல்லோருக்கும். விகிதம் ஓரளவு சரியாக வருகிறது. தலையை அளவாக வைத்துப் பார்த்தாலும் இடுப்புச் சாய்வைச் சரிபார்த்தாலும் பெரிய பிழை இல்லை. ஆனால் கோட்டில் உயிர் இல்லை. தோளிலிருந்து குதிகால் வரை ஒரே தடிமன், கம்பியை வளைத்து ஒட்டியது மாதிரி. வேகமாகப் போட்டால் சரியாகும் என்று பார்த்தால் மயிர் மயிராகப் பிரிந்துவிடுகிறது.

இப்போது வரையும் விதம்: ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள், 140 ஜிஎஸ்எம். கம்ப்ரஸ்டு சார்கோல் குச்சி, பென்சில் போலவே பிடி. தாள் மேசைமேல் படுத்திருக்கும், நான் உட்கார்ந்திருப்பேன். ஐந்து நிமிட போஸ்கள், கடைசியில் ஒரு இருபது நிமிடம். மாடல் பெரும்பாலும் புடவையில் இருப்பார், சில வாரம் வேட்டி கட்டிய பெரியவர்.

எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா, இல்லை கை பழகினால் தானாக வருவதா? இன்னொன்று: மழைக்காலத்தில் அதே குச்சி அதே தாளில் திட்டுத் திட்டாக விழுகிறது. அது ஏன்?

கரித்துகள்:

ஏ3, மேசை, பென்சில் பிடி, கம்ப்ரஸ்டு. இந்த நாலும் ஒண்ணா சேர்ந்தா யார் வரைஞ்சாலும் கம்பிக்கோடுதான் வரும். உங்க கை மேல குறை இல்லங்க.

மயிர்க்கோடு ஏன் வருதுன்னு முதல்ல பாருங்க. பென்சில் பிடியில கையோட ஓரம் தாள்ல ஊணியிருக்கும், மணிக்கட்டு மட்டும்தான் அசையும். அதோட வீச்சு எட்டு, பத்து சென்டிமீட்டர். ஏ3-ல நிக்கிற ஆள் 35 சென்டிமீட்டர் உயரம்னா இடுப்புல இருந்து குதிகாலுக்கு 18 சென்டிமீட்டர் இருக்கும். அந்த ஒரு கோட்டைப் போட நீங்க கையை ஒண்ணு ரெண்டு தடவை தூக்கி வைக்கணும். வச்ச இடம் சரியா ஒட்டாது, அதை மறைக்க மேல இன்னொரு கீறல், அதுக்கு மேல இன்னொண்ணு. மயிர் அப்படித்தான் முளைக்குது. வேகத்தைக் கூட்டினா கீறலும் கூடும். கூட்ட வேண்டியது வீச்சு. முழங்கையில இருந்து, நீளக் கோட்டுக்குத் தோள்ல இருந்து கை வரணும்.

அதுக்குத் தாள் நிமிர்ந்து நிக்கணும். ஈசல் (போர்டை நிமிர்த்தி நிறுத்துற தாங்கி) இல்லன்னா நாற்காலி முதுகுல போர்டைச் சாய்ச்சு வச்சு முன்னாடி நின்னு வரையலாம். தாளோட நடுப்பகுதி உங்க நெஞ்சு உயரத்துல, முழுக் கை நீட்டுற தூரத்துல. ஏ2-க்குக் கீழ போகாதீங்க. மேசைமேல படுத்த தாள்ல இன்னொரு கெடுதலும் உண்டு. தாளோட மேல்பாதி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும், கை அதைத் தானா இழுத்து நீட்டிடும். போர்டை நிமிர்த்திப் பார்த்தா தலையும் கழுத்தும் நீண்டு நிக்கும். அளந்தும் தலை கொஞ்சம் நீளமா வருதுன்னா காரணம் இதுதான்.

போர்டுக்கும் தாளுக்கும் நடுவுல நாலஞ்சு பழைய செய்தித்தாள் வைங்க. நேரா பிளைவுட் மேல வச்சா மரத்தோட வரி கோட்டுல ஏறிடும். அடியில மெத்தை இருந்தாதான் அழுத்தத்தோட ஏற்ற இறக்கம் தாள்ல பதியும்.

அடுத்தது பிடி. குச்சியை நாலு அல்லது அஞ்சு சென்டிமீட்டர் துண்டா உடைங்க. உள்ளங்கை தாளைப் பார்க்கணும், குச்சி கட்டைவிரலுக்கும் மத்த விரல்களுக்கும் நடுவுல படுத்திருக்கணும். இப்படிப் பிடிச்சா ஒரே இழுப்புல மூணு விதமான கோடு கிடைக்கும். குச்சியோட நீளவாக்குல இழுத்தா மெல்லிசு. பக்கவாட்டுல இழுத்தா பட்டை. இழுக்கும்போதே விரலால உருட்டினா மெல்லிசு பட்டையா விரிஞ்சு திரும்ப ஒடுங்கும். தொடையில இருந்து முட்டி வழியா கெண்டைக்கால் போற கோட்டுக்கு இந்த உருட்டல்தான் வேணும். பென்சில் பிடியில இது வரவே வராது.

குச்சியையும் மாத்துங்க. தொடக்கத்துக்கு வில்லோ, முடிவுக்கு மட்டும் கம்ப்ரஸ்டு. வில்லோங்கிறது அந்தப் பேர் உள்ள மரத்தோட குச்சியைச் சுட்ட கரி, பசை கிடையாது. துணியால தட்டினாலே முக்கால்வாசி போயிடும், அதனால பயமில்லாம பெரிய கோடு போடலாம். கம்ப்ரஸ்டுல கரிப்பொடியோட பசை சேர்ந்திருக்கு, தாளுக்குள்ள இறங்கிடும், முழுசா அழியாது. அழியாதுன்னு கைக்குத் தெரியும், அதனால கை இறுகும். உங்க ஒரே தடிமன் கோட்டுக்கு இந்த இறுக்கமும் ஒரு காரணம். வரிசையை மட்டும் மாத்திடாதீங்க: கம்ப்ரஸ்டு ஏறின இடம் வழுவழுன்னு ஆயிடும், அதுக்கு மேல வில்லோ பிடிக்காது.

அஞ்சு நிமிஷத்தை இப்படிப் பிரிச்சுப் பாருங்க. முதல் நாற்பது நொடி வில்லோவைப் படுக்க வச்சு ஆளோட எடை எப்படிச் சாயுதுங்கிறதை மட்டும் பட்டையா போடுங்க, வெளிக்கோடு வேண்டாம். துணியால ஒரு தட்டு, சாம்பலா ஒரு உரு நிக்கும். அதுக்கு மேல மூணு நிமிஷம் வில்லோவாலயே கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னாடி அது போய் முடியற இடத்தைக் கண்ணால பார்த்துட்டு, தாளைத் தொடாம காத்துல ஒரு தடவை கையை ஓட்டிட்டு அப்புறம் இழுங்க. கடைசி ஒரு நிமிஷம் கம்ப்ரஸ்டு, அஞ்சே அஞ்சு இடத்துல. ஆறாவது இடம் தோணினா அந்த அஞ்சுல எதை விடலாம்னு யோசிங்க.

எழும்பூர்_கோடு:

கரித்துகள் கையைப் பற்றிச் சொல்லிவிட்டார். அழுத்தத்துக்குக் கணக்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. கை பழகினால் தானாக வரும் என்பதை நான் ஏற்கவில்லை. தவறான இடத்தில் அழுத்தியே பழகிய கைகள் நிறைய. கோட்டின் கனம் உடம்பின் கனத்தைச் சொல்ல வேண்டும், அலங்காரத்துக்காக ஏறி இறங்கக் கூடாது. போஸைப் பார்த்ததும் இந்த உடம்பு எதன்மேல் நிற்கிறது, எங்கே இழுபடுகிறது, எங்கே மடிகிறது என்ற மூன்றையும் கேட்டுவிட்டுக் குச்சியை எடுங்கள்.

நிற்பது முதலில். ஒரு காலில் எடை போட்டு நிற்கும் ஆளின் கழுத்துக்குழியிலிருந்து நேர் கீழே ஒரு நூல் விட்டால் ஊன்றிய காலின் கணுக்கால் பக்கம் வந்து சேரும். நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கலாம். ஊன்றிய பக்கம் இடுப்பெலும்பு மேலே ஏறும், அந்தப் பக்கத் தோள் கீழே இறங்கும். ஊன்றிய பக்கத்து இடுப்பு, குதிகால் தரையைத் தொடும் இடம், இரண்டிலும் கோடு கனக்க வேண்டும். தளர்ந்த காலுக்கு மெல்லிய கோடு போதும், பாதி வழியில் விட்டுவிட்டாலும் பார்ப்பவர் கண் முடித்துக்கொள்ளும். இரண்டு காலுக்கும் ஒரே அழுத்தம் கொடுத்தால் விகிதம் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஆள் தரையில் நிற்க மாட்டார், தாளில் ஒட்டியிருப்பார். முக்காலியில் உட்கார்ந்த போஸ் என்றால் கனம் பிட்டமும் பலகையும் சேரும் இடத்தில். கையை ஊன்றியிருந்தால் உள்ளங்கையின் அடியில்.

இழுபடுவதும் மடிவதும் எப்போதும் சேர்ந்தே வரும். உடல் இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்க விலா நீண்டு இழுபடும், அங்கே ஒரே நீளமான, வேகமான, மெல்லிய கோடு. இடப்பக்கம் விலாவும் இடுப்பும் நெருங்கிச் சதை மடியும், அங்கே குட்டையான, அழுத்தமான, அறுந்து அறுந்து வரும் கோடுகள். இந்த வேறுபாட்டை மட்டும் கவனித்து ஒரு மாதம் வரைந்தால் போதும், கம்பிக்கோடு போய்விடும்.

மடிப்பில் இன்னொரு நுட்பம். ஒரு கோடு இன்னொன்றின் பின்னால் போகும் இடத்தில் அதை உருவத்துக்கு உள்ளே கொஞ்ச தூரம் நுழையவிடுங்கள். தோள்கோடு கழுத்தின் வெளிக்கோட்டோடு நின்றுவிடாமல் காறையெலும்பை நோக்கி உள்ளே இறங்கட்டும். தொடங்கும் இடத்தில் கறுப்பு, உள்ளே போகப் போக மங்கல். நிழலே போடாமல் எது முன்னால் எது பின்னால் என்பது தெரிந்துவிடும். வெளிக்கோட்டைச் சுற்றி மட்டும் ஓடிக்கொண்டிருப்பதால்தான் உங்களுக்குக் கம்பி வளைத்தது போலத் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

கை கால்களின் இரு ஓரங்களையும் ஒரே மட்டத்தில் புடைக்க விடாதீர்கள். கெண்டைக்காலில் வெளிப்புடைப்பு மேலே, உட்புடைப்பு சற்றுக் கீழே. கணுக்காலில் நேர்மாறு, உள்பக்க மொளி மேலே, வெளிப்பக்க மொளி கீழே. இந்த மேல்கீழ் மாற்றம்தான் கோட்டை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகிறது. எலும்பு தோலுக்கு அருகில் வரும் முட்டி, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் சிறு சிறு கோணமாக, நின்று திரும்பும் கோடு கேட்கும். சதை இருக்கும் இடத்தில் குச்சி மெதுவாகவும் அகலமாகவும் போகலாம்.

பார்த்துப் பழக நம் ஊரில் குறைவில்லை. மெரினாவில் உழைப்பாளர் சிலையைக் காலை வெயிலில் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959-ல் நிறுவப்பட்டது. பாறையை நகர்த்தும் நான்கு பேரின் முதுகிலும் காலிலும் எடை எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒருவர் ஒருவராகப் பின்தொடர்ந்தால், எந்தக் கோடு இழுபடுகிறது, எது முறுகுகிறது என்பது விளங்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிகளில் கழுத்து, இடுப்பு, முழங்கால் என மூன்றிடத்தில் வளையும் திரிபங்க நிலையைப் பாருங்கள். ஊன்றிய காலும் ஏறிய இடுப்பும் அங்கே பாடமாக நிற்கின்றன. திருமேனிகளில் ஓரம் எங்கும் வழுக்கிக்கொண்டு போகும், எலும்பின் முறிவு குறைவு. அதனால் நிலையை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, கோட்டின் முறிவுக்கு உழைப்பாளர் சிலைக்குப் போங்கள்.

ஓவியர்களில், 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களையும் சந்தானராஜின் கோடுகளையும் தேடிப் பாருங்கள். ஆதிமூலத்தின் அந்தக் கோடுகள் மையால் ஆனவை என்பதை மறக்க வேண்டாம். மைக்கோட்டின் கூர்மையை அப்படியே கரியில் நகலெடுத்தால் கரிக்கே உரிய மென்மை போய்விடும். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எந்த இடத்தில் கோட்டை நிறுத்துகிறார்கள் என்பதை. கரியிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933-ல் தன்னையே வரைந்த படம். முகத்தைப் பொறுமையாக வரைந்திருக்கிறார். வரைந்துகொண்டிருக்கும் கையை மட்டும் பட்டையான வளைந்து நெளிந்த இழுப்பில் விட்டுவிட்டார். முகத்துக்கும் விரலுக்கும் இடையில் ஓடும் விசை முழுவதும் அந்த இழுப்பில் இருக்கிறது.

பழவந்தாங்கல்_பட்டறை:

மழைக்காலத் திட்டுக்குப் பதில். தாள் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்து வைத்த தாளின் மேல்பரப்பு லேசாக ஊறி இளகிப்போயிருக்கும். கரி பிடிப்பதே சொரசொரப்பில் உராய்ந்துதான். இளகின இடத்தில் உராய்வு குறைந்து குச்சி வழுக்கும், இன்னும் விறைப்பாக இருக்கும் பக்கத்து இடத்தில் பிடிக்கும். அந்த வித்தியாசம்தான் திட்டு. வியர்த்த கை பட்ட இடமும் இதே மாதிரி நடந்துகொள்ளும், அது சித்திரை வெயிலிலும் வரும். தாளைத் தடவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

தாள்களைத் தட்டையாக பாலிதீன் உறையில் போட்டு ஒட்டி வையுங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். குச்சிகளை மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில், மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று சேர்த்து வைக்கலாம். கார்ட்ரிட்ஜ் தாளில் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகச் சொரசொரப்பாக இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து அந்தப் பக்கம் வரையுங்கள். முப்பது நொடி, ஒரு நிமிடப் பயிற்சிக்கு நியூஸ்பிரிண்ட் (செய்தித்தாள் அச்சிடும் மலிவான தாள்) போதும். சீக்கிரம் மஞ்சளாகிவிடும், வைத்துக்கொள்ள நினைக்கும் படத்துக்கு ஆகாது.

அடுப்புக்கரியை உடைத்து வரையலாமா என்று பலர் கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஒரே துண்டில் மெத்தென்ற இடமும் கல் மாதிரி இறுகின இடமும் மாறி மாறி இருக்கும். இறுகின இடம் தாளைக் கீறிவிடும், அந்தக் கீறலுக்கு மேல் எந்தக் கரியும் ஒழுங்காக விழாது.

தேய்க்க விரலைப் பயன்படுத்தாதீர்கள். சென்னையில் விரல் எப்போதும் ஈரம்தான். வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து கரியைத் தாளுக்குள் ஏற்றிவிடும், அந்தக் கறை ரப்பருக்கு மசியாது. துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணி உள்ளங்கை அளவு போதும். கஞ்சி போட்ட துணி வேண்டாம்.

தூளை வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி பட்ட இடம் புள்ளியாக நிற்கும், தூளும் மூச்சில் ஏறும். போர்டை முன்பக்கம் சாய்த்துப் பின்னால் இரண்டு தட்டு தட்டினால் விழுந்துவிடும். ஃபேன் நேர் மேலே இருந்தால் நிறுத்துங்கள் அல்லது இடம் மாறுங்கள். தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பிக்ஸேட்டிவ், அதாவது கரி உதிராமல் பிடித்து வைக்கும் ஸ்ப்ரே, அடிப்பதில் கெடுவதுதான் அதிகம். மொட்டைமாடியில், காற்று குறைவான நேரத்தில், 30 முதல் 45 சென்டிமீட்டர் தள்ளி. பீய்ச்சலைத் தாளுக்கு வெளியே தொடங்கித் தாளைக் கடந்து வெளியே முடிக்க வேண்டும். மெல்லிசாக ஒன்று, பத்து நிமிடம் கழித்து இன்னொன்று, தேவைப்பட்டால் மூன்றாவது. கிட்டே வைத்து ஒரேயடியாக அடித்தால் வில்லோ தூள் காற்றில் பறக்கும், மீதி நனைந்து கருத்துத் திரளும். நீங்கள் கஷ்டப்பட்டு விட்ட மெல்லிய கோடு எல்லாம் பக்கத்துக் கறுப்போடு ஒன்றாகிவிடும். மழை நாளில் அடிக்காதீர்கள். காற்று ஈரமாக இருந்தால் மேலே வெள்ளையாகப் படலம் கட்டலாம். ஹேர் ஸ்ப்ரே பயிற்சித் தாளுக்குச் சரி, நாளாக ஆக மஞ்சளாகும். அடித்தாலும் கரி முழுக்கப் பிடித்துக்கொள்ளாது, எனவே படங்களுக்கு இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள், ஒன்றின்மேல் ஒன்றை இழுக்காமல் தூக்கி எடுங்கள். பிரேம் போட்டால் கண்ணாடி, அதுவும் படத்தைத் தொடாதபடி மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) இடைவெளியோடு. அக்ரிலிக் ஷீட் நிலைமின்சாரத்தால் தூளைத் தன்பக்கம் இழுக்கும்.

அடையாறு_வரைபலகை:

மூவருக்கும் நன்றி. இரண்டு விஷயம் இன்னும் தெளிய வேண்டும். புடவை கட்டிய மாடலில் ஊன்றிய இடுப்பும் காலும் துணிக்குள் மறைந்துவிடுகின்றனவே, அங்கே கனத்தை எப்படிக் காட்டுவது? தவறான கோடு விழுந்தால் அழிப்பதா, விடுவதா?

எழும்பூர்_கோடு:

புடவை உங்களுக்கு உதவியாகத்தான் இருக்கும். துணி உடம்பில் தொங்குவது சில இடங்களிலிருந்துதான்: தோள், மார்பு, இடுப்பில் செருகிய இடம், முன்னால் வரும் முட்டி. மடிப்புகள் அந்த இடங்களிலிருந்து கிளம்பும். முதலில் அவற்றைக் கண்டுபிடியுங்கள். இரண்டு இடத்துக்கு நடுவில் இழுபடும் மடிப்பு நேராக, மெல்லிசாக. தொங்கிவிழும் மடிப்பு வளைந்து, அடியில் கனத்து.

கொசுவம் இன்னும் பயன்படும். நிற்கும்போது அது ஏறக்குறைய நேர் செங்குத்தாக விழும். உடம்பு சாய்ந்து நிற்கிறது, கொசுவம் நேராக விழுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோணம்தான் போஸின் சாய்வு. அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் கால் தெரியாமலேயே எந்தக் காலில் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும். எட்டு மடிப்பு இருந்தால் எட்டையும் வரையாதீர்கள். ஓரத்து மடிப்பு ஒன்று முழுதாக, நடுவில் ஒன்றிரண்டு பாதியாக, மற்றவை துணியால் தட்டிய சாம்பலில் அடங்கட்டும். தளர்ந்த காலின் முட்டி புடவையை முன்னால் தள்ளும் இடத்தில் கோட்டை நிறுத்தி ஒரு திருப்பம் கொடுங்கள். முந்தானை விளிம்பைக் கடைசியில், ஒரே இழுப்பில். அது முதுகின் வளைவைச் சுற்றிக்கொண்டு போவதால் உடம்பின் உருட்சியைக் காட்டும் குறுக்குவெட்டுக் கோடாகவும் வேலை செய்யும். சரிகைக் கரையின் வேலைப்பாட்டில் இறங்கினால் நேரம் போய்விடும்.

வேட்டிக்கும் இதேதான், ஆனால் மடித்துக் கட்டியிருந்தால் இடுப்பு முடிச்சில்தான் எல்லாக் கோடும் தொடங்கும். அங்கே கம்ப்ரஸ்டில் ஒரு அழுத்தம் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

கரித்துகள்:

அழிக்கிறதைப் பத்தி. சரியான கோடு விழுற வரைக்கும் தப்பான கோட்டை அழிக்காதீங்க. அது இருந்தாதான் எவ்வளவு தள்ளிப் போடணும்னு தெரியும். அழிச்சுட்டுப் போட்டா கை பெரும்பாலும் அதே தப்பான இடத்துக்கே போகும். சரியானது விழுந்த பிறகு பழசைத் துணியால ஒரு தட்டு தட்டி மங்க விடுங்க, முழுசா எடுக்க வேண்டாம். தோள் நகர்ந்த தடம் சாம்பலா பின்னாடி நிக்கும், மாடல் மூச்சு விடற மாதிரி தெரியும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸோட கரி ஓவியங்கள்ல இந்த அழிச்ச தடங்களை நிறைய பார்க்கலாம்.

ஆனா இதுக்கு எல்லை உண்டு. ஒரே ஓரத்துல மூணு தடத்துக்கு மேல சேர்ந்தா பழைய மயிர்க்கோடே திரும்பி வந்துடும். அப்போ நீடபிள் ரப்பரை (மாவு மாதிரி பிசையக்கூடிய ரப்பர்) எடுத்து ரெண்டு தடத்தைத் தூக்கிடுங்க. தேய்க்காதீங்க, ஒத்தி ஒத்தி எடுங்க, தேய்ச்சா சொரசொரப்பு போயிடும். அந்த ரப்பரை நுனி கூரா பிடிச்சு வெளிச்சம் விழுற பக்கம் கோட்டையே அறுக்கலாம். தோள்பட்டை மேல வெளிச்சம் விழுந்தா அங்க ஒரு சென்டிமீட்டர் கோட்டை அறுத்துப் பாருங்க, தோள் உருண்டு தெரியும். எங்க அறுக்கக் கூடாதுன்னா எழும்பூர்க்காரர் சொன்ன ஊன்றின இடத்துல. குதிகாலுக்கு அடியில அறுத்தீங்கன்னா ஆள் மிதந்துடுவாரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஏ2 தாள் பத்து எடுத்துட்டுப் போங்க. முப்பது நொடி போஸ் பத்து, ஒரு தாளுக்கு ரெண்டு வீதம். ரெண்டு நிமிஷம் மூணு. அஞ்சு நிமிஷம் ரெண்டு, அதுல மொத்தமே பதினஞ்சு கோடுதான், எண்ணி எண்ணிப் போடுங்க. மாடல் இளைப்பாறும்போது படங்களைச் சுவத்துல ஒட்டி நாலு மீட்டர் தள்ளி நின்னு பாருங்க. கிட்ட நிக்கும்போது நல்லா இருந்த கோடு எது அங்கிருந்து காணாம போகுதுன்னு குறிச்சுக்கிட்டு, அந்தத் தாள்களை இங்க போடுங்க. எது எந்தக் காலுங்கிறது தெரியுதான்னு பார்ப்போம்.